கேமராவை எழுப்ப வேண்டியது யார்?

ஒரு வேலையை ஒரு சோம்பேறியிடம் கொடுத்தால் தாமதமாகவாவது நடக்கும். இரண்டு கெட்டிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் நடக்கவே நடக்காது. அந்த இருவரில் ஒருத்தி நான்.

கேமராவுக்கு டிரைவர் எழுதுவது என் பிழைப்பு. கம்ப்யூட்டரை ஆள்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் கேமராவுக்கும் நடுவே நின்று பேசுகிற நிரல்தான் டிரைவர். சிஸ்டம் பக்கத்தைப் பார்ப்பவர் என்னோடு வேலை செய்யும் பிரகாஷ். கம்ப்யூட்டர் தொடங்கும்போது கேமராவுக்கு மின்சாரம் கொடுத்து எழுப்ப வேண்டியது யார் என்று எங்களுக்குள் ஓயாத வழக்கு. ஒரு மீட்டிங்கில், "சரி, சிஸ்டமே எழுப்பட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். அன்றே என் நிரலிலிருந்து அந்த வரிகளையும் தூக்கிவிட்டேன். (நல்லதைச் செய்வதில் அப்படி ஒரு அவசரம் எனக்கு!)

அந்த வாரம்தான் நீடாமங்கலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். குவைத்தில் இருந்த அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை.

"முகத்த மட்டும் நல்லா காட்டிடு கலா. வேற ஒண்ணும் வேணாம்" என்றான். அழுதான்.

"போன்ல காட்டிடேம்மா" என்றார் தாய்மாமா.

"போன் கையில ஆடும் மாமா. நான் செஞ்ச கேமரா வச்சிருக்கேன். பக்கத்துல நிக்கிற மாதிரியே தெரியும்."

ஆபீசிலிருந்து கொண்டுவந்திருந்த, கேமரா பொருத்திய சோதனைக் கருவியைப் பந்தல் காலில் கயிறு போட்டுக் கட்டினேன். என் டிரைவரின் புத்தம் புதிய பதிப்பை வேறு அதில் ஏற்றினேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிறுத்தி, "நானும் படத்துல விழுவேனாடி?" என்று கேட்டு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

குவைத்துக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தது. படம் போகவில்லை.

"ஒரே கருப்பா இருக்கு கலா."

"இதோண்ணே, ஒரு நிமிஷம்."

பிரகாஷைக் கூப்பிட்டேன். "கேமராவ நீங்கதானே எழுப்புறீங்க?"

"இல்லீங்களே, உங்க டிரைவர்தானே எழுப்புது?"

"மீட்டிங்ல சொன்னேனே, சிஸ்டம் எழுப்பட்டும்னு!"

"அடுத்த வெர்ஷன்லேருந்துன்னு நெனச்சேங்க."

"டிரைவரா சிஸ்டமான்னு இப்ப சொல்லுங்க!" என்று கத்தினேன். பறையடித்தவர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தூக்கிய வரிகளைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

"நேரமாச்சு, தூக்குங்கப்பா" என்றது யாரோ.

பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். மாமா நடந்துகொண்டே தன் போனில் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவனோ என் கருப்புப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். இணைப்பை வெட்டினால் அந்த நேரம் பார்த்து அப்பா தெரிந்துவிடுவாரோ என்ற பயம். மாமாவை அவன் திரும்பக் கூப்பிட்டபோது ஊர்வலம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. சுடுகாட்டில் டவர் கிடையாது.

அண்ணன் எதையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டான். பறையை, அம்மாவின் அழுகையை, நடுவில் என் சண்டையை.

இப்போதும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லையென்றால், "யாரு போட வேண்டியது? டிரைவரா, சிஸ்டமா?" என்றுதான் கேட்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன், வேறு என்ன செய்ய? போனில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் அண்ணன்தான்.

மறு வருஷம் லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் வாங்கியதை எடுத்துக் கொடுத்தான். அடியில் ஒரு வெள்ளைச் சட்டைத் துணி இருந்தது.

"இது யாருக்குடா?" என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் ஒண்ணும் பாக்கலையேம்மா" என்றான்.

அம்மா அதை வாங்கி பீரோவில் வைத்தாள். ஒவ்வொரு லீவிலும் ஒன்று கொண்டுவருகிறான். அம்மாவும் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.