மணல் கண்டக்டர் வீட்டு ஓணானுக்கு நான் போட்ட தரை

உலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் ஒரு கைப்பிடி மணலைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரும் எங்கள் கொல்லிமலையில்தான் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் மணல் கண்டக்டர்.

மலை பஸ்ஸில் வேலை பார்த்தவர். எங்கள் ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் சிரித்துக்கொண்டே ஏறுகிறவர்கள், பாதி வளைவு தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்லியைத் திருப்பி ஒப்படைத்துவிடுவார்கள். அதற்காகவே கண்டக்டருக்கு ஒரு தோளில் பணப்பை, மறு தோளில் மணல் பை. முகத்தைப் பார்த்தே இந்த ஆள் எந்த வளைவில் கவிழ்வார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். டிக்கெட் கிழிக்கும்போதே அந்த ஆளின் காலடியில் கொஞ்சம் மணலைத் தூவிவிட்டு நகர்வார். முன்பதிவு மாதிரி. அந்த ஆள் வாந்தி எடுக்காமல் இறங்கிப் போனால் கண்டக்டருக்கு முகம் வாடிவிடும்.

பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாழவந்தி நாட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் ரச வாளி கவிழ்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் முறைப்பதற்குள் கண்டக்டர் பையை அவிழ்த்து மணலை வீசிவிட்டார். பக்கத்து இலைகளில் பாயசம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தச் சம்பந்திகள் இன்றைக்கும் பாயசம் என்றால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள். முள்ளுக்குறிச்சியில் அஞ்சாவதோடு நானும் பள்ளிக்கூடமும் ராஜியாகப் பிரிந்துவிட்டோம். தலையில் கல் சுமந்து இந்த மலை ஏறினவன், இன்றைக்குச் செம்மேட்டில் சொந்த டைல்ஸ் கடை. மலையில் பாதிப் பேர் நடக்கிற தரை நான் போட்டது. மீதிப் பேருக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டக்டர் ஓய்வு பெற்றார். சம்சாரம் முன்பே போய்விட்டது. பெங்களூரில் வேலை பார்த்த ஒரே மகள் வெளிநாட்டுக்குப் போனபோது, தான் வளர்த்த பிராணியைக் கண்ணாடிப் பெட்டியோடு அப்பாவிடம் விட்டுப் போனாள். ஆஸ்திரேலியா ஓணானாம். முழங்கை நீளம். தாடையைச் சுற்றித் தாடி மாதிரி முள். கோபம் வந்தால் தாடி கறுத்துப்போகும். இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, காகிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "பாஸ் இல்லாம நான் யாரையாச்சும் ஏத்தியிருக்கறனுங்களா?" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

ஓணான் பெட்டிக் கதவோரத்து மரக்கட்டையில் ஏறி உட்கார்ந்தால் அவருக்குப் பொறுக்காது.

"உள்ள போ சாமி. படியில நிக்காத. உள்ள எடம் சும்மா கெடக்குது பாரு."

ஓய்வுக்குப் பிறகு இதைச் சொல்ல அவருக்கு ஆளே கிடைத்திருக்கவில்லை. நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வம்பு பெட்டியின் தரையில்தான் ஆரம்பித்தது. மகள் விரித்துக் கொடுத்த துணி விரிப்பில் ஓணானின் நகம் நூலில் சிக்கிக்கொண்டது. கண்டக்டர் விரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு என் கடைக்கு வந்தார். என்னிடம் இருந்ததிலேயே உசத்தியானதைக் கொடுத்தேன். குனிந்து பார்த்தால் மீசை நரைத்தது தெரியும், அப்படிப் பளபளப்பு. ஓணானை அதில் விட்டோம். நாலு காலும் நாலு திசைக்குப் போக, அது வயிற்றாலேயே வழுக்கிக்கொண்டு போய் எதிர்க் கண்ணாடியில் முட்டி நின்றது. தாடி கறுத்தது. தரையில் ஒரு குறையும் கிடையாது. ஓணானுக்கு நடக்கத் தெரியவில்லை.

பிறகு மகள் சொன்னபடி பழைய பேப்பரை விரித்தார். பேப்பரில் அது நன்றாகவே நடந்தது. அழுக்கானால் சுருட்டிப் போட்டுவிட்டு வேறு விரிக்கலாம். ஆனால் கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க டைல்ஸ்காரரே, போண்டாவுக்கு விரிக்கறத இதுக்கு விரிக்கறதுங்களா? அது பொறந்த நாடே பாலைவனமுங்க. பாலைவனத்துல என்னங்க இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையை அவிழ்த்துவிட்டார்.

அந்த மணலுக்கு அவர் பார்த்த பக்குவத்தைச் சொல்லவேண்டும். ஏழு தண்ணீர் கழுவி, சாமை காயவைக்கிற மாதிரி பாயில் பரப்பிக் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து எடுத்தார். கட்டடக்காரன் நான் சொல்கிறேன், அந்த மணலில் மந்திரி வீட்டுச் சுவர் பூசலாம். அதை விரித்து, அதன் மேலேயே கீரையும் பூச்சியும் போட்டார். ஓணான் நாக்கை நீட்டிப் பூச்சியை எடுக்கும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் மணலும் உள்ளே போயிற்று. கண்டக்டர் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஊர் ஞாபகம் வந்துவிட்டதாம் அதற்கு.

கொஞ்ச நாளில் ஓணான் வெளிக்குப் போவதை நிறுத்தியது. தீனியையும் நிறுத்தியது. வயிறு கல் மாதிரி. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்தது. கண்டக்டர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினார். நானும் போனேன். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடுன்னா கைய உட்டுப் பாத்துச் சொல்லிருவனுங்க. இதுக்கு நான் என்னத்த உடறது?"

மகளை வீடியோவில் கூப்பிட்டோம். அந்தப் பெண் முதலில் ஓணானைப் பார்த்தது. அப்புறம் அதன் கீழே இருந்த மணலைப் பார்த்தது.

"அப்பா, வாந்தி மேல மணலப் போடறது வேற. வயித்துக்குள்ள மணலப் போடறது வேறங்கப்பா."

ஓணானை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து வயிற்றை மெல்லத் தடவச் சொன்னது. அப்படியும் ஆகாவிட்டால் மறுநாளே சேலத்துக்குப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். பிழைத்தாலும், சேலத்தில் இருக்கும் தன் சிநேகிதி ஞாயிற்றுக்கிழமை வந்து அதை எடுத்துக்கொள்வாள் என்றது. "உங்களால முடியாதுங்கப்பா" என்று மெதுவாகத்தான் சொன்னது. கண்டக்டர் அந்த ஒரு சொல்லில் ஒரு பிடி இளைத்துப்போனார்.

மறுநாள் காலையில் நான் போனபோது குண்டானில் தண்ணீர் ஊற்றி, அதில் ஓணானை மார்பளவுக்கு உட்காரவைத்து, விரலால் தடவிக்கொண்டிருந்தார். "போலாம் சாமி, போலாம், போலாம்" என்று அடித்தொண்டையில் ஒரே பாட்டு. தண்ணீர் ஆற ஆற நான் மாற்றி ஊற்றினேன். வெயில் முற்றத்துக்கு வந்த நேரத்தில் ஓணான் வாலைத் தூக்கியது. மணல் மணலாகக் குண்டானில் இறங்கியது.

கண்டக்டர் சட்டைப்பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்து, இரட்டை விசில் அடித்தார் பாருங்கள். ரோட்டில் நின்றிருந்த பஸ், தன் கண்டக்டரை டீக்கடையில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.

உயிர் தப்பியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறதே. கண்டக்டர் கடைக்கு வந்து நின்றார்.

"வழுக்கக் கூடாதுங்க. உதிரக் கூடாதுங்க. நகம் சிக்கக் கூடாதுங்க. குளிரும் ஏறக் கூடாதுங்க. அப்படி ஒரு தரை போட்டுக் குடுங்க."

குளியலறைக்குப் போடுகிற மங்கல் டைல்ஸ் ஒரு ரகம் இருந்தது. தடவினால் பூனை நாக்கு மாதிரி லேசான சொரசொரப்பு. பெட்டி அளவுக்கு அறுத்து, கூர் விளிம்பையெல்லாம் நானே உரசி மழுக்கினேன். கலவை போடச் சிமெண்டை எடுத்தேன். கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். சிமெண்டும் வேண்டாம், பசையும் வேண்டாம், அந்த நெடி அதற்கு ஆகாதாம். சிமெண்ட் இல்லாத தரையை என் பெயருக்கு எப்படிப் போடுவது என்று சண்டை பிடித்தேன்.

"கழட்டிக் கழுவோணுமுங்க. டிப்போவுல பஸ்ஸக் கழுவறதில்லைங்களா, அப்படி."

போட்டேன். முடி நுழைகிற சந்துகூட இல்லாமல் சேர்த்து, சும்மாவே வைத்தேன். மேலே பல்பைப் போட்டதும் டைல்ஸ் இதமாகச் சூடேறியது. எங்கள் பனிக்கு அது வேண்டும்தான். அதிகமாகச் சுடுகிறதா என்று பார்க்கக் கண்டக்டர் குனிந்து கன்னத்தை அதில் வைத்தார். பிறகு என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி புறப்படுவதற்கு முன்னால் மகள் வீடியோவில் வந்தது. தரையைக் காட்டச் சொன்னது. ஓணான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தாசில்தார் பார்வையிடுகிற மாதிரி நிதானமாக நடந்தது. ஒரு வழுக்கல் இல்லை. என் வேலை பேசுகிறது என்று நான் நிமிர்ந்த நேரம் பார்த்து, அது நட்டநடுவில் வாலைத் தூக்கி வெளிக்குப் போனது.

கண்டக்டரின் கை தானாகத் தோளில் தொங்கிய மணல் பைக்குள் போனது. பஸ்ஸிலேயே வயசான கை அது, அதற்கு வேறு என்ன தெரியும். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் கையில் ஈரத்துணி இருந்தது. பையில் மணலே இல்லை. மடித்து வைத்த துணிகள்தான். ஒரு டைல்ஸ் துண்டைத் தூக்கித் துடைத்து, அடியையும் துடைத்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்.

மகள், "சரிங்கப்பா. உங்ககூடவே இருக்கட்டும்" என்றது.

அன்றைக்குக் கண்டக்டர் விசில் அடிக்கவில்லை. கட்டையில் ஏறப்போன ஓணானிடம், "உள்ள போ சாமி" என்றார்.

அந்த ரக டைல்ஸ் இப்போது வருவதில்லை. என் கடையில் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது. நல்ல விலைக்கே கேட்டு வருகிறார்கள். தூசியைக்கூட விற்றுவிடுகிற ஆள் நான். ஆனாலும் விற்றுப்போயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஓணான் இன்னும் வளருமென்று கண்டக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.