பூட்டுக்காரன் வீட்டுப் போன் பெட்டி

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் தம்பி மனைவி சுகம், கடையில் தொங்கும் பூட்டுகளும் துருப்பிடிக்காமல் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. மூவரையும் விசாரித்ததாகக் கொள்ளவும்.

சுகம் சொன்ன வரிசையில் உன் மருமகளை, என் மகளை, விட்டுவிட்டேனே என்று பார்ப்பாய். மறதி இல்லை. அவளைப் பற்றித்தான் கடிதமே. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் பேனாவை எடுத்தேன். போன பிறந்தநாளுக்கு அத்தையின் அன்பளிப்பு என்று அவளுக்கு ஒரு போன் அனுப்பினாய் அல்லவா? உன் மேல் தப்பில்லை அக்கா, நீ நல்ல மனசோடுதான் அனுப்பினாய். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை, உச்சந்தலையைத்தான் பார்க்கிறோம். வகிடு நேராக இருக்கிறதா என்று கேள், உடனே சொல்வேன். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கழுத்து வலிக்கிறது என்றாள், டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், “பொண்ணு கண்ணையே சிமிட்ட மாட்டேங்குதே, காய்ஞ்சு போய்க் கிடக்கு. அடிக்கடி சிமிட்டச் சொல்லுங்க, நேரத்தோட தூங்கச் சொல்லுங்க” என்றார். அன்று முதல் இவள் அம்மா அடுப்படியிலிருந்து “சிமிட்டுடீ!” என்று குரல் கொடுப்பதும், இவள் “ம்” என்று சொல்லிவிட்டுச் சிமிட்டாமல் இருப்பதும், நடுவில் உட்கார்ந்திருக்கும் நான் என்னைச் சொன்னதாக நினைத்துச் சிமிட்டுவதுமாகக் குடும்பம் நடக்கிறது. தூக்கத்தை மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகத் தூங்குகிறாள் என்று வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். ஒருநாள் அம்மாக்காரி தட்டை வைத்துவிட்டுப் பரிமாற மறந்து போய்விட்டாள். திரும்பி வந்தால், பிள்ளை ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வெறுந்தட்டைப் பிசைந்து பிசைந்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறது. “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாடீ?” என்று கேட்டாள். “போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு” என்று பதில் வந்தது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நான் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிற பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் “ம்” என்கிறது. என் மகள் என் முகத்தைப் பார்த்துப் பேசி நாளாகிறது அக்கா. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நடுவில் நாலைந்து தடவை, “அப்பா, இதைப் பாருங்களேன்” என்று அவளாகவே போனை நீட்டிக்கொண்டு கடைப் பக்கம் வந்தாள். “முதல்ல அதைக் கீழ வை” என்று விரட்டிவிட்டேன். தகப்பன் என்றால் கண்டிப்பு வேண்டுமா வேண்டாமா?

கடைசியில், ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவன் வீட்டுக்கு ஒன்று போட மாட்டேனா என்று ஒரு இரும்புப் பெட்டி வாங்கி, என் கையாலேயே பூட்டுச் செய்து மாட்டினேன். சாதாரணப் பூட்டு என்று நினைக்காதே. கம்பி விட்டு நெம்புகிறவன் என்னென்ன வித்தை செய்வானோ அத்தனைக்கும் எதிர்வித்தை வைத்த பூட்டு. உள்ளே சாவி தூக்கிவிடுகிற லீவர் தகடுகளில் ஒன்றை, நெம்புகிறவனை ஏமாற்றவே பொய்யாக வைத்தேன். பொழுது சாய்ந்தால் போன் பெட்டிக்குள் என்று சட்டம் போட்டேன். “சட்டம்னா எல்லாருக்கும்தான்” என்று உன் தம்பி மனைவி என் போனையும் பிடுங்கிப் போட்டுத் தன்னுடையதையும் போட்டாள். சாவியை வீட்டில் வைத்தால் எடுத்துவிடுவாளே? கடைச் சுவரில் நூற்றுக்கணக்கில் தொங்கும் பழைய சாவிகளோடு அதையும் மாட்டிவிட்டேன். எவனுக்குத் தெரியும்?

எனக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். மறுநாள் காலையில் பக்கத்துத் தையல்கார அம்மா, ஸ்டோர் ரூம் சாவி தொலைந்துவிட்டது என்று அவசரமாக வந்து நின்றார். சுவரில் கைக்கு வந்த பழைய சாவி ஒன்றை எடுத்து, அளவெடுத்து அராவிக் கொடுத்தேன். அந்தம்மா வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். அக்கா, என் பெட்டிச் சாவி இப்போது அவர் வீட்டு ஸ்டோர் ரூமைத் திறக்கிறது. மறுசாவி செய்ய அளவும் இல்லை, எல்லாம் கைப்போக்கில் செய்தது. கம்பி விட்டுப் பார்த்தேன், முடியவில்லை. துளை போடலாம் என்றால் உள்ளே பேட்டரி. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, வெளியே சொன்னால் தொழில் போச்சு.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வீட்டுக்கே ஓடி வருகிறார். காற்றுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார், கிளினிக் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. “போனை எடுக்க மாட்டீங்களா? உள்ள ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டே உக்காந்திருக்காருங்க!” என்று கத்திக்கொண்டே மறுபடியும் என் நம்பரை அழுத்துகிறார். அலமாரி மேல் பெட்டி மணியடிக்கிறது. “அதுக்குள்ள என்னங்க சத்தம்?” என்றார். “அது... கடிகாரம் ரிப்பேருங்க” என்றாள் உன் தம்பி மனைவி. அவர் கதவைக் கண் மூடித் திறப்பதற்குள் திறந்து கொடுத்தேன். என் பெட்டியை அசைக்க வக்கில்லை.

போன் இல்லாத வீட்டில் உன் மருமகள் முதலில் முறைத்தாள், பிறகு குட்டி போட்ட பூனையாக நடந்தாள், பிறகு நன்றாகத் தூங்கினாள். கண்ணைச் சிமிட்டினாள். சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, “அம்மா, உப்பே இல்ல” என்றாள். “பழைய மாதிரி போனையே பாத்துக்கிட்டுச் சாப்பிடு தாயே” என்றாள் இவள் அம்மா. அப்புறம் என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, “நான் திறக்கட்டுமாப்பா?” என்றாள்.

சிரித்தேன். அவள் என் கம்பிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்றை மாற்றி வளைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பூட்டில் காதை வைத்தாள். “மூணாவது லீவர் பொய்தானே? ஏமாத்தறதுக்கு வச்சிருக்கீங்க” என்றாள். பெட்டி திறந்துகொண்டது.

“எங்கடி கத்துக்கிட்ட?”

“இவ்வளவு நாளா அதைத்தானே பாக்கறேன். உலகத்துல இருக்கற பூட்டையெல்லாம் திறந்து காட்டறாங்கப்பா. உங்ககிட்ட காட்டலாம்னு எத்தனை தடவ வந்தேன்? கீழ வை, கீழ வைன்னீங்க.”

தோற்றதற்கு வெட்கப்பட வேண்டிய எனக்கு, தெருவில் இறங்கிச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் என் தொழிலைத்தான் என் பிள்ளை குனிந்து குனிந்து பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் கழுத்து கழுத்துதான், கண் கண்தான். அதனால் முடிவு செய்துவிட்டேன். பள்ளி விட்டதும் கடைக்கு வரட்டும், பூட்டைக் கையிலேயே பிடித்துப் பார்க்கட்டும். இனி இவளிடமிருந்து எதையும் பூட்டி வைக்க உலகத்தில் பூட்டில்லை. ஆகவே இந்த மாதக் கடைசியில் நீ வரும்போது அந்தப் போனைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடு. அத்தை கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுப்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் கதவுகள் எண்ணெய் கேட்காமல் திறக்கட்டும், சாவிகள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு, உன் பாசமுள்ள தம்பி.

பின்குறிப்பு: இதை எழுதி வைத்துவிட்டுத் தபாலில் போட மறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. காரணம், அந்தப் பூட்டுத் திறக்கிற படங்களை எப்படிப் பார்ப்பது என்று உன் மருமகள் என் போனில் காட்டிக் கொடுத்தாள். என்ன கை, என்ன நுணுக்கம் அக்கா! நேற்று நான் வெறுந்தட்டில் சாப்பிட்டு முடித்து, கையையும் கழுவிக்கொண்டு வந்தேனாம். உன் தம்பி மனைவி சொல்கிறாள், நான் நம்பவில்லை. கழுத்து மட்டும் லேசாகப் பிடித்திருக்கிறது. இப்போது மகள் தானே ஒரு பூட்டுச் செய்து பெட்டியில் மாட்டி, என் போனை உள்ளே வைத்துவிட்டாள். என்னால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு “சிமிட்டுங்கப்பா” என்கிறாள். ஆகவே பதிலைக் கடிதமாகவே போடு. திரும்ப வாங்கிக்கொண்டு போகச் சொன்னேனே, அவளுடைய போனை இல்லை, என்னுடையதை.