நூற்றுப் பதினெட்டாவது உருப்படி

ஜனவரி நான்காம் தேதி, ஞாயிறு, காலை 6.40. நூற்றுப் பதினெட்டு உருப்படிகள். பெயர்: பெரியவர்.

பெரியவர் என் மோட்டார் சைக்கிள். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பத்திரிகை அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றது போன வருடம். அவர் ஓய்வு பெற்று இருபத்திரண்டு வருடம். என் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் ஒரு கோழி அவர் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியைச் சமாதானப்படுத்தி அவரை மீட்டு வந்தேன். மார்ச் பதினைந்தாம் தேதி என் பழைய நண்பர்கள் ஆறு பேர் பழைய வண்டிகளில் மலைப்பாதைக்குக் கிளம்புகிறார்கள். முப்பது வருடமாகப் பேசி, ஒரு தடவைகூட நடக்காத பயணம். ஏழாவது ஆள் நான். அதற்குள் எஞ்சினை என் கையாலேயே பிரித்து, என் கையாலேயே பூட்டுவது என்று சபதம் செய்தேன்.

என் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ். முப்பத்தொரு வருட சர்வீஸ். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் படுத்த நிலையில் மட்டுமே பார்த்துப் பழகியவள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்கிற மனைவியோடு வாதாடலாம். நிபந்தனை போடுகிற மனைவியோடு ஒன்றும் செய்ய முடியாது.

"வயித்தைத் திறக்கும்போது எல்லா சாமானையும் எண்ணுவோம். மூடுறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவோம். ரெண்டு பேர் எண்ணணும், ரெண்டு பேர் கையெழுத்து போடணும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் மூடக் கூடாது."

"இது எஞ்சின்டி."

"ஏறப்போறது நீங்கதானே. கணக்கு சரியா வந்தா ஏறுங்க."

சாப்பாட்டு மேசையில் நான் பணியாற்றிய பத்திரிகையையே விரித்து, பெரியவரைப் பிரித்தேன். அவள் தட்டுகளைக் கொண்டுவந்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே எண்ணினாள். போல்ட், நட்டு, வாஷர், பிஸ்டன், வளையம், சுருள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு. நானும் எண்ணினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு வந்த சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் வைத்தே எண்ணிய பிஸ்டன் அங்கேயே இறுகிக் கிடந்தது. ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிஸ்டன் நகரவில்லை. பக்கத்து வீட்டுக் குடும்பம்தான் நாற்றம் தாங்காமல் ஊருக்குப் போனது. கடைசியில் மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே எடுத்தேன். புது வளையத்தை மாட்டும்போது அது இரண்டானது. இன்னொன்று வாங்கினேன். அது மூன்றானது. எஞ்சினின் மேல்மூடியைப் பிடிக்கும் போல்ட் ஒன்றை முறுக்கினேன், போல்ட்டின் தலை தனியே கையோடு வந்துவிட்டது. எதிர்ச் சாரியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் மிச்சத்தைத் துளை போட்டு எடுத்துக் கொடுத்தார். உங்களுக்குக் கை கொஞ்சம் பலம் சார் என்றார். முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதிய கை. அதைப் பலமான கை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆறுதல். மனைவி தன் தையல் மெஷினைத் தொடவே இல்லை. அது மூலையில் உறை போட்டபடி இருந்தது. ஜன்னல் திரைகளைக்கூட வெளியே கொடுத்துத் தைத்தாள். என் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறாள் என நினைத்து, இரண்டு முறை கண் கலங்கினேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி எஞ்சினைப் பூட்டி முடித்தேன். தட்டில் ஒரு திருகு மிஞ்சியது. சுண்டுவிரல் நகத்தளவு. தலையைச் சுற்றிச் சன்னமாக வரி போட்டிருந்தது. எந்த ஓட்டையிலும் சேரவில்லை. மனைவியிடம் டைமிங் சரியில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி பிரித்தேன். இருபத்திரண்டாம் தேதி மறுபடி பூட்டினேன். மறுபடி அதே திருகு. இந்தத் தடவை எண்ணெய் ஒழுகுகிறது என்று சொன்னேன். அவள் அப்படியா என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

திருகை லேத்துக்காரரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாய்க்குள்ளேயே சிரித்தார். "இதை வீட்ல கேளுங்க சார்" என்றார். இந்த ஆளுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்தேன்.

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை மாலை. மூன்றாவது முறை பூட்டினேன். தட்டில் அந்தத் திருகு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயணம். முதுகு வில்லாக வளைந்திருந்தது. நகக்கண்ணில் இரண்டரை மாத கிரீஸ். ஜன்னலைத் திறந்து திருகைச் சாக்கடையில் வீசினேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மனைவி நோட்டோடு வந்தாள்.

"எல்லாம் உள்ள போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நூத்திப் பதினெட்டும்?"

"நூத்திப் பதினெட்டும்."

"எதுவும் மிஞ்சல?"

"மிஞ்சினா உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்வேன்?"

நோட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். அவள் போடவில்லை. மூலைக்குப் போய்த் தையல் மெஷின் உறையை எடுத்தாள்.

"இங்க ஊசியைப் பிடிக்க ஒரு திருகு இருக்கும். இப்ப இல்ல பாருங்க. அன்னிக்கு உங்க தட்டுல நான்தான் போட்டேன். அது எஞ்சின்ல எந்த இடத்துக்குப் போச்சுன்னு காட்டுங்க."

நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். சரியாகச் சுண்டுவிரல் நகத்தளவு.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கு அவள் வைக்கும் பரீட்சையாம் இது. பயிற்சித் தட்டில் ஒரு சாமானைக் கூடுதலாக வைத்துவிடுவாள். ஒன்று மிஞ்சுகிறது என்று வந்து சொல்பவளை உள்ளே கூட்டிப்போவாள். கணக்கு சரி என்பவளை வெளியே நிறுத்திவிடுவாள்.

"மூணு வாட்டி கழட்டி மாட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

உண்மையைச் சொன்னேன். சாக்கடையைக் கைகாட்டினேன். அவள் நோட்டைக் கைகாட்டினாள்.

"வாயால சாக்கடைன்னு சொல்றீங்க. கையெழுத்து எஞ்சினுக்குள்ளன்னு சொல்லுது. நான் எதை நம்புறது? திறந்து காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை 6.10. ஆறு வண்டிகள் எங்கள் தெரு வழியாக ஹாரன் அடித்தபடி போயின. நான் கையில் ஸ்பேனரோடு, நான்காவது முறையாக, முதல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் எண்ணி முடித்தோம். நூற்றுப் பதினேழு. திருகு உள்ளே இல்லை. என் வார்த்தை ஜெயித்தது. இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக முதுகை நிமிர்த்தினேன்.

அவள் டார்ச் அடித்து எஞ்சினின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நீளமான இடுக்கியை எடுத்து வந்து உள்ளே விட்டாள். மெதுவாக வெளியே இழுத்தாள். ஒரு சாண் நீளத் துணி. என் பழைய பனியன். சின்ன வளையம் எதுவும் உள்ளே விழாதிருக்க, பூட்டும்போது எஞ்சின் வாயில் நான் அடைத்து வைத்தது. எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்தது பாதி.

"இது பட்டியல்லயே இல்லையே" என்றாள்.

அது எந்த வளைவில், எந்த வேகத்தில் எஞ்சினை இறுகப் பிடித்திருக்கும் என்று லேத்துக்காரர் பிறகு விளக்கினார். நான் பாதியில் போதும் என்றேன். அவளோ அன்று என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். முப்பத்தொரு வருடம் கத்தரியும் இடுக்கியும் பிடித்த கை. டார்ச்சை அணைக்க மறந்திருந்தது.

லேத்துக்காரர் தையல் மெஷினுக்கு ஒரு திருகு கடைந்து கொடுத்தார். அதைப் பூட்டியவள் அவள். என்னை விடவில்லை. நோட்டில் பழைய பட்டியலை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எஞ்சின் உருப்படிகள் நூற்றுப் பதினேழு. கடைசி வரியில்: கணவர், பழையது, ஒன்று.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஞாயிறு. காலை 6.40-க்கு நூற்றுப் பதினெட்டு உருப்படிகள் வீட்டை விட்டுப் போயின. 8.15-க்கு நூற்றுப் பதினெட்டும் திரும்பின. எண்ணிப் பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.