ஜன்னல் இல்லாத மண்டபம்

"ஏனுங்க, வெள்ளகோவில்ல இருந்து மாப்பிள்ளையோட அப்பா மண்டபம் பார்க்க வாராராமா. நல்லாக் கவனிச்சுக்குங்க!"

போனில் மனைவி கோமளா சொன்னதும் அரங்கசாமி பாதி முடிந்த கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

தொண்டாமுத்தூரில் அவர் கட்டிக்கொண்டிருந்தது மண்டபமே அல்ல, வைன் ஆலை. லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. மாமனார் கொடுத்த நிலத்தில் வைன் என்று தெரிந்தால் கோமளா அன்றைக்கே பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பயந்துபோய்க் 'கல்யாண மண்டபம்' என்று புளுகி வைத்திருந்தார். அதை நம்பி அவள் தன் தங்கை மகள் ரித்திகாவின் கல்யாணத்தையே அங்கே நிச்சயித்துவிட்டாள்.

"ஷாநவாஸ் பாய், அந்த வைன் டேங்க்கை உடனே வெளிய எடுங்க!"

காண்ட்ராக்டர் ஷாநவாஸ் தலையில் கை வைத்தார். வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் சுவர்களை நிறுத்தி, டேங்க்கை உள்ளே இறக்கி, காலையில்தான் கூரையை மூடியிருந்தார்.

"கூரையைக் கழட்டோணுமுங்க."

"கழட்டுங்க. பொருத்துன கட்டடந்தானே!"

கிரேன் கூரையைத் தூக்கிய நேரம், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து நின்றார். வீடு தேடி வந்தவரிடம் 'நீங்க யாரு' என்று கேட்பது எவ்வளவு பெரிய அவமரியாதை! அரங்கசாமி கேட்கவில்லை. இளநீர் கொடுத்தார், மோர் கொடுத்தார், இலை போட்டுச் சோறும் போட்டார். வந்தவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னொரு கரண்டி விழுந்தது.

"கிரேன்ல என்னமோ தொங்குதுங்களே?"

"ரசம் வைக்கிற அண்டாங்க."

"அந்த ரூமுக்கு ஜன்னலே காணோம்?"

"மாப்பிள்ளை ரூமுங்க. கடைசி நேரத்துல ஓடிப்போயிரக் கூடாது பாருங்க."

பையனைப் பெற்றவரிடமே இதைச் சொல்லித் தொலைத்தோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்தவர் சந்தேகமாகப் பார்த்தார். "வைன் ஆலைன்னுதான் கேள்விப்பட்டேன்..."

"எவன் சொன்னான்? பெருமாள் மேல சத்தியமா, இங்க ஒரு சொட்டு வைன் போட மாட்டேனுங்க. வேணும்னா எழுதியே தாரேன்!"

"எழுதியே குடுத்துருங்க."

அரங்கசாமி எழுதிக் கையெழுத்தும் போட்டார். குடும்ப மானம் தப்பித்தது என்று பெருமூச்சு விட்டார்.

வந்தவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சாப்பாடு பிரமாதமுங்க. உங்க வைன் லைசென்சுக்கு இடம் பார்க்க வந்த ஆபீசர் நானு. நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்ததுல எனக்கு வேலை மிச்சமுங்க!"