கயிறு அண்ணனின் பாய்மரப் பயணம்

கட்டிய லோடிலிருந்து ஒரு வெங்காயம்கூடக் கீழே விழாமல் இந்தியா முழுக்க லாரி ஓட்டியவர் எங்கள் நாமக்கல்லில் ஒருவர்தான். சொன்ன நேரத்துக்கு எந்த ஊருக்கும் போய்ச் சேராதவரும் அவரேதான். இரண்டுக்கும் காரணம் ஒன்று. கயிறு.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீசில் அவர் கயிறு அண்ணன். தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றை இழுத்து, ஒரு முடிச்சுப் போடுவார் பாருங்கள், அதை அவிழ்க்க அவர் ஒருவரால்தான் முடியும். அதோடு விடுவாரா? ராசிபுரம் தாண்டினால் வண்டியை நிறுத்தி முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். சேலம் தாண்டினால் மறுபடியும். டீ குடிக்க இறங்கினால் ஒரு தடவை, குடித்துவிட்டு ஏறும்போது ஒரு தடவை. சரக்குக்காரர் போனில் கத்தினால், "டோல்கேட் தாண்டிட்டனுங்க, வந்துட்டே இருக்கறனுங்க" என்பார். அது எந்த மாநிலத்து டோல்கேட் என்று கேட்கக் கூடாது. லோடு பிடித்துக் கொடுத்த பாவத்துக்கு வசவு வாங்குகிறவன் நான்.

வீட்டிலும் இதே கூத்துதான். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டியிருப்பார். மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரர் கட்டியதை நம்பாமல், தானே எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டு, முகூர்த்தம் முடிந்த கையோடு குஜராத்துக்கு வண்டி எடுத்துவிட்டார். மகள் மறுவீடு வந்து, பெங்களூருக்குக் குடிபோய், தலைதீபாவளிக்கும் வந்து போனாள். பந்தல் அப்படியே நின்றது.

போன ஆடியில் அவர் மனைவி பாவாயி அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். அண்ணனும் அங்கேதான் இருந்தார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தன வருசத்துல இவரு ஒருநா பொழுதோட ஊடு வந்ததில்லீங் தம்பி. நா வாசல்ல தனியா ஒக்காந்து பொழுது விழுகறதப் பாத்துட்டு, சோத்த மூடி வெச்சுட்டுப் படுத்துக்குவேன். ஒருக்கா எம்பட பக்கத்துல ஒக்காந்து பாருங்கன்னுதான் கேக்கறேன். அதுக்கும் முடியாதுங்களா?"

அக்கா கண் கலங்கியதைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். "வாசல்ல என்ன புள்ள பாக்கறது? பரமத்தி வேலூர் காவேரில, பாய்மரப் படகுல வெச்சுக் காட்டறேன்" என்றார். மகள் போனில் அனுப்பிய ஏதோ வீடியோ அவர் மண்டைக்குள் புகுந்திருந்தது.

"சூரியனுக்குப் போன் போட்டு டோல்கேட் தாண்டிட்டேன்னு சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார்.

பரமத்தி வேலூரில் பரிசல் உண்டு, மீன் படகு உண்டு. பாய்மரத்துக்கு எங்கே போவது? அண்ணன் ஆற்றங்கரை முழுக்க அலைந்து ராசு என்ற படகுக்காரரைப் பிடித்தார். அவருடைய பழைய மரப் படகில் பாய்மரம் நடுகிற துளை இன்னும் இருந்தது.

"பாய் எங்கீங்க?"

"எலி தின்னுருச்சுங்க."

அண்ணன் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே. அவரிடம்தான் தார்ப்பாய் இருக்கிறதே.

அடுத்து காற்று விசாரணை. "ஆடிக் காத்துங்க, மேக்க இருந்து கெழக்க. போறப்பக் காத்து தள்ளும், வாரப்பத் துடுப்பு" என்றார் ராசு.

"அப்ப ரிட்டர்ன் எம்ட்டியா?"

"ரிட்டர்ன்லயும் நீங்கதானுங்க இருப்பீங்க?"

அண்ணன் படகை முன்னும் பின்னும் அளந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் வாரீங்க. பின்னால வெயிட்டு வேணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்கண்ணா."

"நீச்சல் எதுக்குச் சாமி? கட்டி வெக்கறேன்."

குறித்த நாளுக்கு மறுநாள் விடியற்காலை கவுகாத்திக்கு லோடு. போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே இன்று தப்பினால் தப்பியதுதான். அதிசயமாக, மத்தியானமே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம். அக்கா நல்ல பட்டுச்சேலை கட்டி, தூக்குப்போசி நிறைய முறுக்கோடு வந்திருந்தார். இன்றைக்குத் தப்பாது என்று நானும் நம்பிவிட்டேன்.

முதலில் எலுமிச்சம்பழம். புது டிரிப்புக்குச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டுமாம். படகுக்குச் சக்கரம் ஏது? மணலில் வைத்து அதன்மேல் படகைத் தள்ளினோம். பழம் நசுங்காமல் மணலுக்குள் போய்விட்டது. தோண்டி எடுத்து மறுபடி தள்ளினோம். மறுபடியும் போய்விட்டது. கடைசியில் அண்ணனே காலால் மிதித்து நசுக்கினார். வெயில் சாய்ந்துவிட்டது.

பிறகு கட்டல். துளையில் ஒரு மூங்கிலை நட்டு, அதில் தார்ப்பாயைக் கட்டினார். துடுப்பைக் கட்டினார். முறுக்குப் போசியைக் கட்டினார். என்னைப் பின்பலகையோடு இடுப்பில் கட்டினார். அதற்கெல்லாம் முன்னால், படகு ஓடிவிடக் கூடாதே என்று அதன் வாலைக் கரைத் தென்னையோடு கட்டியிருந்தார்.

எல்லோரும் ஏறியதும் காற்று தார்ப்பாயில் புகுந்தது. படகு கிழக்கே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அப்படியே நின்றது. தென்னையில் கட்டிய கயிறு விறைத்து, முடிச்சு கல்லாக இறுகிவிட்டது.

அண்ணன் வாலில் குந்தி முடிச்சோடு மல்லுக்கட்டினார். வரவில்லை. பாயை இறக்கினால் கயிறு தளரும் என்றார் ராசு. பாயைக் கட்டியதும் அதே முடிச்சுதான். சூரியன் மேற்கே ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ராசு அரிவாளை எடுத்தார்.

"அறுத்துரட்டுங்களா?"

தன் விரலை நறுக்கச் சொன்னதுபோல அண்ணன் பதறினார். கயிற்றைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. "இந்த ஒருநாளும் கெடுத்துப்போட்டனே புள்ள" என்றார். எனக்கே பாவமாகப் போயிற்று.

அக்கா கோபப்படவில்லை. பலகையில் மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "ஏனுங்க, அதய உட்டுப்போட்டு இங்க வந்து ஒக்காருங்க."

"படகு நகரலியே புள்ள."

"பொழுது நகருதுல்லங்க."

அண்ணன் வந்து உட்கார்ந்தார். கை மட்டும் கயிற்றுப் பக்கமே போனது. அக்கா அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் மெல்ல இறங்கியது. தண்ணீர் எல்லாம் செம்பருத்தி நிறம்.

"தெனமும் இப்படித்தான் விழுகுதா புள்ள?" என்றார் அண்ணன், மெதுவாக.

"தெனமுந்தானுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருட்டும் வேளையில் காற்று நின்றது. கயிறு தானாகத் தொய்ந்து, முடிச்சும் இளகியது. "இப்ப வருமாட்ட இருக்குது. அவுத்தரட்டுமா?" என்று அண்ணன் எழப் போனார்.

"இருக்கட்டுமுங்க. விடிஞ்சா கவுகாத்தி. இப்ப எங்க போறீங்க?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். என் இடுப்பில் இருக்கும் முடிச்சையாவது அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அப்புறம், இருக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.