ஏரி நடுவே ஒரு நீல சைக்கிள்

பத்திரிகையை எங்கே ஒளிப்பது என்று ஓரினுக்குப் புரியவில்லை. சட்டைக்குள் திணித்தால் சரசரக்கிறது. அடுப்பு மேடையில் வைத்தால் கண்ணில் பட்டுவிடும். கடைசியில் ஃப்ரீஸரைத் திறந்து, உறைந்த மீன் பொட்டலங்களுக்கு அடியில் செருகி மூடினார்.

"பேப்பர் வந்துதா?" என்று சாப்பாட்டு அறையிலிருந்து மார்லிஸ் குரல் கொடுத்தாள்.

"இன்னும் வரலை. ரோடெல்லாம் பனி. வண்டி எங்கேயாவது மாட்டிக்கிட்டிருக்கும்."

ஆயுசு முழுக்கத் தபால்காரராக இருந்தவர் ஓரின் ட்வெய்ட். இடுப்பளவு பனியிலும் அடுத்தவர் கடிதத்தை ஒருநாள்கூடத் தாமதப்படுத்தியவரில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டுப் பத்திரிகையை மீனுக்கு அடியில் புதைக்கிறார் என்றால் விஷயம் சும்மாவா?

முதல் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். உறைந்த ஏரி, நட்ட நடுவில் ஒரு நீல சைக்கிளும் பெரிய பலகையும், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் வெண்டெல் க்வாம். 'இந்த வருஷம் மூழ்கப்போவது இதுதான்!' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு.

ஹால்வர்சன் ஏரி உறைந்ததும், தீயணைப்புக்காரர்கள் உதவாக்கரைச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் அதன் நடுவில் வைப்பார்கள். வசந்தத்தில் ஐஸ் இளகி அது என்றைக்கு முங்கும் என்று ஊரே ஊகம் சொல்லும். சரியாகச் சொன்னவருக்கு, புகையில் வாட்டிய முழுப் பன்றித்தொடை பரிசு. போன வருஷம் கழிவறைப் பீங்கான். அதற்கு முந்தின வருஷம் பாதிரியார் வீட்டு சோபா. கயிறு கட்டித்தான் வைப்பார்கள், முங்கியதும் இழுத்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் மார்லிஸின் சைக்கிள். கொடுத்த மகராசன் சாட்சாத் ஓரின்.

அவர் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வெண்டெல் வந்தார். தீயணைப்புப் படைக்குத் தலைவர், ஓரினுக்குப் பால்ய சிநேகிதர்.

"ஓரின், உன் கராஜ்ல ஒரு பழைய சைக்கிள் தொங்குதே..."

"அட, அது எதுக்குப்பா உனக்கு?"

"சும்மா கேட்டேன். வேணாம்னா விட்ரு."

"வேணாம்னு இல்ல..."

"உனக்குக் கஷ்டம்னா வேணாம்ப்பா."

"சேச்சே, கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல. எடுத்துட்டுப் போ."

'வேணாம்னா விட்ரு' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எங்கள் ஊரில் தப்பித்தவர் கிடையாது. 'தர மாட்டேன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட ஏரியில் குதிப்பது சுலபம்.

ஓரின் தன் மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். இலையுதிர் காலத்தில் மார்லிஸுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் அவள் சிரிக்கவே இல்லை. வருஷா வருஷம் சைக்கிளில் சுற்றிப் படமெடுப்பவள், காமிராவைக்கூடத் தொடவில்லை. கராஜில் தொங்கும் சைக்கிளைப் பார்த்தால் இன்னும் நொந்துபோவாள், ஒழியட்டும் என்றுதான் கொடுத்தார்.

கொடுத்த வாரமே மார்லிஸ், வசந்தத்தில் சைக்கிளில் போக வழி பார்க்கிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டாள்.

ஏப்ரலில் ஆற்றங்கரைச் சாலை, கொக்குகள் வந்திறங்கும் நேரம். மே மாதம் ஆப்பிள் தோட்டத்துப் பக்கம், பூவெல்லாம் வெள்ளையாக நிற்கும்போது. ஜூனில் சிவப்புக் களஞ்சியம் இருக்கும் மேடு, சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழும்போது. வெளியே மூக்கு உறையும் குளிர். உள்ளே வண்ணப் பென்சிலும் கையுமாக அவள். காமிரா அலமாரியைவிட்டு வெளியே வந்தது. பழகிக்கொள்கிறேன் என்று காப்பிக் கோப்பையைப் படமெடுத்தாள், ஜன்னல் பனியை எடுத்தாள், நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஓரினையும் விடவில்லை.

"அசையாதே! மூக்குல வெளிச்சம் அம்சமா விழுது."

"அது வெளிச்சத்துக்குன்னே படைச்ச மூக்கு" என்றார் ஓரின். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஓரினும் சேர்ந்து சிரித்தார். அதே நிமிஷம் கராஜில் காலியாக இருக்கும் கொக்கி நினைவுக்கு வந்தது. இவள் எதில் ஏறிப் போகப் போகிறாள்? ஏரி நடுவே நிற்கும் சைக்கிளிலா?

கொஞ்சநஞ்சம் இருந்த தைரியமும் தொலைபேசியால் போயிற்று. ஃபார்கோ நகரத்தில் இருக்கும் தங்கை வெர்னாவோடு மார்லிஸ் பேசிக்கொண்டிருந்தாள், வழக்கத்தைவிட உரக்கவே. "என் சைக்கிளா? அது மாதிரி ஒண்ணு இனிமே கிடைக்குமாடி? ஓரின் ஒரு குளிர்காலம் பூரா பேஸ்மென்ட்ல உக்காந்து தன் கையால பெயின்ட் அடிச்சுக் குடுத்தது!"

பக்கத்து அறையில் ஓரின் சாக்ஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளதைச் சொல்லிவிட்டிருக்கலாம். சொல்வாரா? கராஜில் சைக்கிள் தொங்கிய கொக்கியில் பழைய ஏணியை மாட்டி, அதற்குப் போர்வை சுற்றினார். மறுநாள் காலை வெண்டெலோடு காப்பி குடிக்கப் போனார், திருப்பிக் கேட்கத்தான்.

"அந்த சைக்கிள் அங்க தனியா நிக்குது, இல்ல?" என்றார் ஓரின்.

"ஆமா, எடுப்பாத்தான் இருக்கு."

"குளிர்ல பெயின்ட் பாழாயிடுமோ என்னமோ."

"பாழானா என்ன? முங்கப் போறதுதானே."

"அதுவும் சரிதான். ஆனா... நல்ல சைக்கிள்."

வெண்டெல் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் இளகியது. "புரியுதுப்பா. நீ வாயைத் திறந்து கேக்க மாட்டே. எனக்கே தோணியிருக்கணும்."

அப்பாடா என்று மூச்சு விட்டார் ஓரின்.

மறுநாள் ஏரியில், சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை முளைத்திருந்தது. 'அன்பளிப்பு: ஓரின் ட்வெய்ட்.' சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள். பலகையும் சைக்கிளுமாக எடுத்த படம்தான் பத்திரிகையில் வந்து, இப்போது மீனுக்கு அடியில் கிடக்கிறது.

இனி வேறொரு சைக்கிளை மாற்றி வைப்பதுதான் வழி என்று முடிவு செய்தார். பக்கத்து ஊரில் ஒருவரிடம் ஓட்டை சைக்கிள் ஒன்று கிடைத்தது. என்ன, அது ஊதா நிறம். பேஸ்மென்ட்டில் வைத்து நீலம் பூச ஆரம்பித்தார். ஜன்னலைத் திறக்க முடியாத குளிர். வாடை படியேறி வீடு முழுக்கப் பரவியது.

"என்ன பெயின்ட் அடிக்கிறே?" என்று மேலிருந்து மார்லிஸ் கேட்டாள்.

"குருவிக்கூடு!"

"அட! எனக்கா?"

"பின்னே யாருக்கு?"

"குருவிங்க வந்து உக்காந்தா நல்லாப் படம் எடுக்கலாம். ஒண்ணு போதாது ஓரின், நாலஞ்சு பண்ணேன்!"

அதற்கப்புறம் ஓரின் குருவிக்கூடும் செய்ய வேண்டியதாயிற்று. கட்டைவிரலில் இரண்டு முறை சுத்தியல் விழுந்தது. மேலே போய் உட்காரலாம் என்றால் மார்லிஸ் விடுவதில்லை, வரைபடத்தைக் காட்டிக் கேள்வி கேட்பாள்.

"இந்த மேடு ஏறினா உனக்கு மூச்சு வாங்குமா?"

"எனக்கென்ன வந்துது? நானா மிதிக்கப் போறேன்?"

மார்லிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டாள். "இங்க ஒரு பெஞ்சு இருக்கு. ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்."

வெர்னாவைக் கூப்பிடப் போகிறாள்போல என்று நினைத்துக்கொண்டார் ஓரின். நெஞ்சில் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவள் தனியாகப் போவாள், படத்தோடு வருவாள். இவர் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கலந்து வேகவைத்த ஹாட்டிஷைச் சூடாக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் காத்திருப்பார். வந்ததும் அவள் படங்களைக் காட்டுவாள், இவர் 'பரவாயில்லையே' என்பார். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நானும் வரட்டுமா என்று கேட்க எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்ததுண்டு. கேட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பாவம், எதற்கு அவளைச் சங்கடப்படுத்துவது என்று விழுங்கிவிடுவார்.

பெயின்ட் காய்ந்தது. முன்பு ஊதாவாக இருந்த அந்த நீல சைக்கிளை விடியற்காலையில் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். அன்பளிப்புப் பலகைக்குப் பின்னால் அதைப் படுக்கவைத்துவிட்டு, மார்லிஸின் சைக்கிளைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. சக்கரம் இரண்டும் ஐஸில் இறுகியிருந்தன. காலை ஊன்றி இழுத்தார். கைப்பிடியின் ரப்பர் உறை மட்டும் கழன்று கையோடு வர, மல்லாக்க விழுந்தார்.

ஐஸ்மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடில்களிலிருந்து ஒவ்வொருவராகத் தலை நீட்டினார்கள். அவ்வளவுதான், அவர் எழுந்து நிற்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன ஓரின், அடி கிடி பட்டுதா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நேரா நிக்குதான்னு பாத்தேன்."

"ஆடுதா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவேண்டுமே! "லேசா ஆடுற மாதிரிதான் இருந்துது" என்றார்.

"அடடா, அன்பளிப்புக் குடுத்த மனுஷன் இந்தக் குளிர்ல வந்து பாத்திருக்காரே! ஏய், தண்ணி கொண்டா!"

சுற்றிலும் துளை போட்டார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உறைந்தது. பெடல் வரைக்கும் கண்ணாடிப் பாறை. பலகைக்குப் பின்னால் கிடந்த சைக்கிளையும் ஒருவர் பார்த்துவிட்டார். "அட, இன்னொண்ணும் கொண்டாந்திருக்காருப்பா! என்ன மனசுய்யா உனக்கு!" என்று அதையும் பக்கத்தில் நட்டு, அதற்கும் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஆப்பசைத்த குரங்குக்காவது வால் மட்டும்தான் மாட்டிக்கொண்டது. ஓரின் நெற்றியில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மார்ச் பிறந்தது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. ஒருநாள் மார்லிஸ் கைத்தடியை மூலையில் சாத்திவிட்டுச் சமையலறைக்குள் தானாக நடந்து வந்தாள். முகம் பூரித்திருந்தது.

"டாக்டர் வெளியில நடக்கலாம்னுட்டார். நாளைக்கு என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போ. ஐஸ் உடையறதுக்குள்ள ஒரு படம் எடுக்கணும்."

"ஏரியில என்ன இருக்கு? வெறும் ஐஸு."

"அதான் எனக்கு வேணும்."

அன்றைக்கு ஓரினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரைபடத்தில் அவள் தீட்டிய பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்தப் பலகையை அவள் படிப்பாள். கையால் பெயின்ட் அடித்துக் கொடுத்தவனே கையால் தூக்கிக் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். 'பரவாயில்ல' என்று சொல்லி வரைபடத்தை மடித்து வைத்துவிடுவாள். அந்த மடிப்பைத்தான் ஓரினால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவள் எழுந்திருக்குமுன் ஓரின் காப்பிக் கடைக்குப் போனார். கடைக்காரி ட்வைலா சிகாகோவிலிருந்து வந்து குடியேறியவள். எதையும் பட்டென்று போட்டுடைப்பாள். வெளியூர்க்காரி, பாவம், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஊர் அவளை மன்னித்துவிட்டது.

மூலை மேஜையில் வெண்டெல் அப்பத்துக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓரின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் எதிரில் போய் நின்றார்.

"வெண்டெல், எனக்கு அந்த சைக்கிள் திரும்ப வேணும்."

கடையில் எல்லாக் கரண்டியும் நின்றுவிட்டது. வானிலை விசாரிக்காமல், காப்பி வாங்காமல், மனசில் இருப்பதை ஒரே வாக்கியத்தில் ஒருவர் சொல்லி அந்தக் கடை கேட்டதே இல்லை.

"என்னப்பா திடீர்னு..." என்று வெண்டெல் திணறினார்.

"அது என் சைக்கிள் இல்ல, மார்லிஸோடது. அதை நம்பித்தான் அவ இந்தக் குளிரைத் தள்ளிட்டா. வழியெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கா. எதுல போவா? கோடாலி இருந்தா குடு, நானே வெட்டி எடுத்துக்கறேன். இல்ல, கையாலயாவது தோண்டுவேன்." குரல் உடைந்தது. "அவ இப்பதான்யா சிரிக்க ஆரம்பிச்சிருக்கா."

வெண்டெலின் முகம் சிவந்தது. எதையோ சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்தவர் மாதிரி அப்பத்தையே உற்றுப் பார்த்தார். "அது வந்து ஓரின்... நான் எப்படிச் சொல்றது... ஐஸ் இந்த வருஷம் நல்ல கனம்தான், இல்ல?"

ட்வைலா காப்பிக் கூஜாவை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"அடப்பாவி மனுஷா, இரும்பு மாதிரி கனக்கற அந்த சைக்கிளை உன் மனசு நோகாம கழிச்சுக் கட்டணும்னு வெண்டெலை உன்கிட்ட அனுப்பினதே உன் பொண்டாட்டிதான், ரெண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு அவ பேர்ல வந்து என் ஸ்டோர் ரூம்ல நிக்குது, படம் எடுக்க அவ பின் சீட்டு, முன் சீட்டு உனக்கு, கூட வர்றியான்னு உன்கிட்ட கேக்கத்தான் அவளுக்கு இந்தக் குளிர்காலம் பூரா வாய் வரலையாம்!"