தூரக்கப்பலுக்கு ஒரு தலைவர்

லிஃப்ட் மெக்கானிக் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பெண்ணுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார். போராட்டம் செல்போனில். "பெண் கேப்டனை ஏற்க முடியாதவர்கள் பூமியிலேயே கிடக்கட்டும்" என்று கட்டைவிரலால் ஓங்கித் தட்டிவிட்டு, இரண்டு காலையும் தூக்கினார். அடியில் மனைவி பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் நகர்ந்ததும் கால்களைப் பத்திரமாகத் திரும்ப இறக்கி வைத்தார்.

கேப்டன் வருவது 'தூரக்கப்பல்' என்கிற விண்வெளித் தொடரில். வாரம் ஒருமுறை டிவியில் வரும். அந்தக் கப்பலில் உசத்தி, மட்டம் கிடையாது. ஆண், பெண், பச்சைத் தோல்காரர், வால் உள்ளவர் எல்லாரும் ஒரே மேஜையில்தான் சாப்பாடு. சமையல் ரோபோவுக்கு வார விடுமுறை உண்டா என்று ஒரு முழு எபிசோடு வாதாடி, உண்டு என்று முடிவானது. அதைப் பாராட்டி நம்மவர் ரசிகர் மன்றத்துக்குப் பதினொரு பக்கம் எழுதினார். படித்த இரண்டு பேர் அழுதார்களாம். அவர் அதை எழுதி முடிக்கும்வரை மனைவி மூன்று தடவை டீ போட்டாள்.

ஆறு வருஷமாக அவருக்கு ஒரே ஆசை. மன்றத் தலைவர் ஆகவேண்டும். ஆண்டு விழா மேடையில் தலைவருக்கென்று போடும் கேப்டன் நாற்காலியில் உட்காரவேண்டும். இந்த வருஷம் நான்கு பேர் போட்டி. அப்போதுதான் மன்றச் செயலாளர், ஒரு பல் டாக்டரம்மா, புது விதி கொண்டு வந்தார். கொள்கை வாயில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டிலும் இருக்கவேண்டும். வேட்பாளர் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கப்படும்.

விதியைப் படித்த கையோடு மூன்று பேர் வாபஸ் வாங்கிவிட்டார்கள். மிச்சம் நம்மவர் ஒருத்தர்தான்.

"இங்க வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். குரலில் தேன். அவள் துடைப்பத்தோடேயே வந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரம்மா போன் பண்ணுவாங்க. வீட்டு வேலை யார் பாக்கறாங்கன்னு கேப்பாங்க. அவர்தான்னு சொல்லிடு."

"எவரு?"

"நான்தாம்மா."

"எந்த வேலை?"

"எல்லா வேலையும்."

"சமையல்?"

"நான்."

"துணி துவைக்கறது?"

"நான்."

"பாப்பாவைக் குளிப்பாட்டறது?"

"நான்னு சொல்லு."

"பாப்பாவுக்கு வயசு எத்தனைன்னு உங்களைக் கேட்டா?"

"மூணு."

"நாலரைங்க."

மெக்கானிக் திடுக்கிட்டார். குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். வளர்ந்துதான் இருந்தது.

"பாதிக்குப் பாதின்னு சொல்லட்டுமா? கொஞ்சம் நம்பற மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

"பாதி செஞ்சா அவன் உறுப்பினர். முழுசா செஞ்சாத்தான் தலைவர்."

"சரிங்க. நீங்க சொன்னபடியே சொல்றேன்."

எட்டு வருஷக் குடித்தனத்தில் இத்தனை சீக்கிரம் ஒரு 'சரிங்க' வந்ததே இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மனசு அதற்குள் கேப்டன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு, மனைவி தையல் மெஷின் மேல் வைத்தாள். வீட்டில் இருந்தபடி ஊராருக்குத் துணி தைத்துக்கொடுப்பது அவள் தொழில். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"அவரா டாக்டர்? அஞ்சு மணிக்கே எழுந்துடுவாரு. சமையலை முடிச்சு, பாப்பாவைக் கிளப்பி, துணி காயப்போட்டுட்டுத்தான் லிஃப்ட் பாக்கவே போவாரு. சாயங்காலம் வந்தா மறுபடி அடுப்படி. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல."

கேட்கக் கேட்க மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட மனுஷன்.

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கென்ன வேலை? தைப்பேன். தைக்கறப்போ போன்ல தூரக்கப்பல் ஓடும். முந்நூத்திச் சொச்சம் எபிசோடும் பாத்தாச்சு."

லிஃப்ட் கயிறு அறுந்த மாதிரி நம்மவர் நெஞ்சு நாலு மாடி இறங்கியது. இவளா? பார்த்தாளா?

"கேப்டனம்மா அடிமைகளைப் பூட்டி வெச்சிருந்த கிரகத்துல கதவை உடைச்சாங்களே, அதுதான் எனக்கு ஒப்பல டாக்டர். எப்ப வெளிய வரணும்னு உள்ள இருக்கறவங்களை ஒருத்தரும் கேக்கல. இவங்களா நாள் குறிச்சாங்க. அதுவும் அதிகாரம்தானே?"

போனில் பேனாவால் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இதை எங்க மன்றத்துல ஒருத்தர்கூட கேட்டதில்லம்மா" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "ஆமா, உங்க வீட்டுக்காரருக்கு ஓய்வே கிடையாதா?"

"அவர் உக்காந்து நான் பாத்ததே இல்ல."

மெக்கானிக் சடக்கென்று எழுந்து நின்றார்.

"அப்படின்னா நான் சொல்றேன், கேளுங்க. வெளியில வேலை, வீட்டுல அத்தனை வேலை. இதுக்கு மேல தலைவர் பாரத்தையும் அந்த மனுஷன் தலையில ஏத்தினா, அப்புறம் நமக்கு எதுக்குக் கொள்கை? காலங்காலமா பொம்பளைங்களுக்கு அதைத்தானே செஞ்சாங்க. அவர் வீட்டைத் தாங்கட்டும். உங்களுக்குக் கை காலியா இருக்கு, மூளையும் இருக்கு. நீங்க தலைவரா வாங்க."

"ஐயய்யோ, அவரைக் கேக்காம எப்படிங்க?"

"பக்கத்துல இருந்தா கேளுங்க."

மனைவி போனை நீட்டினாள். மெக்கானிக் அதைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பொய்யன் என்று மன்றத்தை விட்டே துரத்துவார்கள். முடியாது என்றால், பெண் தலைவரை ஏற்காதவன் ஆவார். அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடக்கவேண்டும் என்று எழுதியதற்கு நேற்றிலிருந்து நூற்று நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

"ரொம்ப... சந்தோஷம்" என்றார். குரல் பாப்பாவுடையது போல வந்தது.

போன் அடங்கியதும், "ஏன்டி, வேணும்னே செஞ்சியா?" என்றார்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னேன். எதையாவது குறைச்சேனா?"

குறைக்கவில்லை. அதில்தான் அவர் விக்கித்துப்போனார். அப்படியே நாற்காலியில் சரியப் பார்த்தார். தலைவர் அதற்குள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செயலாளர் அனுப்பிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறு செயற்குழு நம்ம வீட்டுலதாங்க, இருபத்திரண்டு பேரு. வாங்க, உப்பு டப்பா எதுன்னு காட்டிடறேன்."